'அழகா இருக்கு' என்றால் 'பியூட்டிஃபுலி' ஏன் வராது? ஆங்கில அட்ஜெக்டிவ், அட்வெர்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிளஸ் டூ படிப்பவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர்கள், வளைகுடா நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள், கன்னியாகுமரிக் கடற்கரையில் வெளிநாட்டுப் பயணிகளோடு பேசிப் பிழைக்கிறவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே உள்ளன. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படித்தால் ஸ்பெல்லிங்கும் சேர்ந்து பதியும்.

அட்ஜெக்டிவ் எது, அட்வெர்ப் எது? தமிழிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பெயர்ச்சொல்லைப் பற்றிச் சொல்வது அட்ஜெக்டிவ், தமிழில் பெயரடை. வினையைப் பற்றிச் சொல்வது அட்வெர்ப், அதாவது வினையடை. தமிழில் 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் வினையடை. 'அழகான மாலை' என்பது 'எ பியூட்டிஃபுல் கார்லண்ட்'. 'தோவாளையில் மாலையை அழகாகக் கட்டுகிறார்கள்' என்பது 'தே டை த கார்லண்ட்ஸ் பியூட்டிஃபுலி'. பேச்சில் இந்த 'ஆக' குறைந்து 'அழகா', 'மெதுவா', 'வேகமா' என்று நிற்கும். அதுவும் வினையடைதான்.

அட்வெர்புக்கு வேறு வேலையும் உண்டு. இன்னொரு அட்ஜெக்டிவையோ இன்னொரு அட்வெர்பையோ அது அளந்து காட்டும். 'வெரி ஹாட்', 'ரியலி குட்', 'எக்ஸ்ட்ரீம்லி ஸ்லோலி' ஆகியவற்றில் முதலில் நிற்பவை அட்வெர்புகள். அதனால் 'ரியல் குட்' என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். அமெரிக்கர்கள் பேச்சில் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

இந்த 'ஆன – ஆக' அளவுகோல் பத்துக்கு எட்டு இடத்தில் சரியாக வரும். கைவிடுகிற இடம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அதை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறு காணாமல் போகும்.

'பூ அழகா இருக்கு' என்பதில் 'அழகா' வினையடைதானே? பிறகு ஏன் 'த ஃபிளவர் இஸ் பியூட்டிஃபுலி' தவறு?

தமிழில் 'இரு' ஒரு வினை. அதனால் அதற்கு முன்னால் 'அழகாக' என்று வினையடை போடுகிறோம். ஆங்கிலத்தில் 'இஸ்' எந்தச் செயலையும் சொல்வதில்லை. எழுவாயையும் அதன் தன்மையையும் ஒட்டவைக்கிற பசை மாதிரி அது. அழகு பூவுடையது, பூ பெயர்ச்சொல், ஆகவே அங்கே அட்ஜெக்டிவ்தான் வரும்: 'த ஃபிளவர் இஸ் பியூட்டிஃபுல்'. தமிழில் 'ஆக' இருந்தாலும் ஆங்கிலத்தில் 'லி' கிடையாது.

ஒரே சொல்லை இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள். 'மழை பலமா பெய்யுது': 'இட் இஸ் ரெயினிங் ஹெவிலி'. 'மழை பலமா இருக்கு': 'த ரெயின் இஸ் ஹெவி'. அதேபோல 'அமைதியா உட்காருங்க' என்றால் 'ஸிட் கொயட்லி'. 'அமைதியா இருங்க' என்றால் 'பீ கொயட்'. தமிழில் இரண்டிலும் ஒரே சொல். ஆங்கிலத்தில் வினை மாறியதும் உருவமும் மாறுகிறது.

'இஸ்' போலவே பசை வேலை செய்கிற வினைகள் இன்னும் சில: லுக், ஸீம், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், பிகம், கெட், டர்ன், ஸ்டே, ரிமெயின், கீப். இவற்றுக்குப் பின்னாலும் அட்ஜெக்டிவ்தான் வரும். 'மீன் குழம்பு நல்லா மணக்குது' என்பதை 'த ஃபிஷ் கர்ரி ஸ்மெல்ஸ் குட்' என்று சொல்ல வேண்டும். 'ஸ்மெல்ஸ் வெல்' என்றால் குழம்புக்கு மூக்கு இருந்து அது நன்றாக மோப்பம் பிடிக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

இந்த வினைகளே சில சமயம் உண்மையான செயலாகவும் வரும் என்பதுதான் சிக்கல். 'ஹி லுக்ட் ஆங்ரி': அவன் முகம் கோபமாக இருந்தது. 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் த கண்டக்டர்': கண்டக்டரைக் கோபமாகப் பார்த்தான். முதலாவதில் அவன் எதையும் செய்யவில்லை, இரண்டாவதில் பார்க்கிறான். 'த கர்ரி டேஸ்ட்ஸ் ஸால்ட்டி' என்பதில் குழம்பு உப்புக் கரிக்கிறது. 'ஷி டேஸ்ட்டட் த கர்ரி கேர்ஃபுலி' என்பதில் அவள் கவனமாக ருசி பார்க்கிறாள்.

சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். அர்த்தம் கெடாமல் நின்றால் அட்ஜெக்டிவ். 'ஹி வாஸ் ஆங்ரி' நிற்கிறது. 'ஹி வாஸ் ஆங்ரிலி அட் த கண்டக்டர்' நிற்காது.

'வகுப்பறையைச் சுத்தமா வை' என்பதிலும் 'ஆ' இருக்கிறதே, அங்கே 'கிளீன்லி' வருமா?

வராது. 'கீப் த கிளாஸ்ரூம் கிளீன்'. சுத்தம் வைக்கிற செயலின் விதமல்ல, வகுப்பறையின் நிலை. 'சுவருக்குப் பச்சையா பெயின்ட் அடி' என்பதும் அப்படித்தான்: 'பெயின்ட் த வால் கிரீன்'. ஆனால் 'சுவருக்கு ஒழுங்கா பெயின்ட் அடி' என்றால் ஒழுங்கு அடிக்கிற விதத்தைச் சொல்கிறது, எனவே 'பெயின்ட் த வால் ப்ராப்பர்லி'. அந்தச் சொல் பொருளின் நிலையைச் சொல்கிறதா, செயலின் விதத்தைச் சொல்கிறதா என்று ஒரு நொடி யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

'குட்', 'வெல்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

'குட்' அட்ஜெக்டிவ், 'வெல்' அட்வெர்ப். 'யுவர் இங்கிலிஷ் இஸ் குட்', 'யூ ஸ்பீக் குட் இங்கிலிஷ்', 'யூ ஸ்பீக் இங்கிலிஷ் வெல்' மூன்றும் சரி. 'யூ ஸ்பீக் இங்கிலிஷ் குட்' மட்டும் தவறு. குமரியில் எதற்கும் 'கொள்ளாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை.

ஒரு விதிவிலக்கு: உடல்நலத்தைச் சொல்லும்போது 'வெல்' அட்ஜெக்டிவாகவே வரும். 'ஐ ஆம் நாட் வெல்' என்றால் உடம்பு சரியில்லை. 'ஐ ஆம் நாட் குட்' என்றால் நான் நல்லவன் இல்லை என்றும் புரிந்துகொள்ள இடமுண்டு.

நர்சிங் ரிப்போர்ட்டிலும் இன்டர்வியூவிலும் எங்கே அதிகம் தவறுகிறது?

பெரும்பாலும் மேலே சொன்ன அதே பசை வினைகளில்தான். நோயாளியைப் பற்றி எழுதும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் 'இஸ்'ஸும் செயல்வினையும் மாறி மாறி வரும். கை பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'லி' போட்டுவிடும், அல்லது எல்லாவற்றிலும் விட்டுவிடும். இப்படி ஜோடி ஜோடியாகப் பழகுவது நல்லது:

'ஹிஸ் பிரீதிங் இஸ் நார்மல்', ஆனால் 'ஹி இஸ் பிரீதிங் நார்மலி'.
'ஹிஸ் அப்பெட்டைட் இஸ் குட்', ஆனால் 'ஹி இஸ் ஈட்டிங் வெல்'.
'த வூண்ட் லுக்ஸ் கிளீன் அண்ட் டிரை', ஆனால் 'த வூண்ட் இஸ் ஹீலிங் வெல்'.
'ஷி இஸ் கம்ஃபர்டபிள்', ஆனால் 'ஷி ஸ்லெப்ட் கம்ஃபர்டப்லி'.

முதல் ஜோடியில் 'ஹி இஸ் பிரீதிங்' என்பதிலும் 'இஸ்' இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். அங்கே 'இஸ்' துணைவினை, உண்மையான வினை 'பிரீதிங்'. 'இஸ்'ஸுக்குப் பின்னால் ஐஎன்ஜி வினை நின்றால் அது செயல், அட்வெர்ப் வர வேண்டும்.

இன்டர்வியூவில் அடிக்கடி கேட்கிற இன்னொரு வாக்கியம் 'ஐ வொர்க் ஹார்ட்லி'. கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து, நான் வேலை செய்வதே அபூர்வம் என்று சொன்ன கணக்கு. காரணம் கீழே.

'லி' சேர்த்தால் எல்லாம் அட்வெர்ப் ஆகிவிடுமா?

ஆகாது, இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, அக்லி, ஸில்லி, எல்டர்லி, கவர்ட்லி எல்லாம் 'லி'யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ். 'அவர் அன்பாகப் பேசினார்' என்பதை 'ஹி ஸ்போக் ஃபிரெண்ட்லி' என்று சொல்லக் கூடாது. 'ஹி ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே' என்பதே வழக்கம்.

மறுபக்கம், ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஏர்லி, ஸ்ட்ரெய்ட் ஆகியவற்றுக்கு இரண்டு வேலைக்கும் ஒரே உருவம். 'எ ஃபாஸ்ட் டிரெயின்', 'த டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்'. 'ஃபாஸ்ட்லி' என்ற சொல்லே கிடையாது. 'டெய்லி', 'வீக்லி' இரண்டு பக்கமும் நிற்கும்.

சிலவற்றுக்கு 'லி' சேர்த்தால் வேறு சொல்லே பிறந்துவிடும். ஹார்ட் என்றால் கடுமையாக. ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆரல்வாய்மொழியில் 'த விண்ட் ப்ளோஸ் ஹார்ட்' என்றால் காற்றாலை சுற்றும். 'ஹார்ட்லி ப்ளோஸ்' என்றால் இறக்கை அசையாது. லேட் தாமதம், லேட்லி அண்மைக்காலமாக. நியர் அருகில், நியர்லி ஏறத்தாழ. ஹை உயரத்தில், ஹைலி மிகவும். ஹார்ட்லியில் ஏற்கெனவே 'இல்லை' அடங்கியிருப்பதால் 'ஐ டோன்ட் ஹார்ட்லி ஸீ ஹிம்' என்று இன்னொரு மறுப்பைச் சேர்க்க வேண்டாம். 'ஐ ஹார்ட்லி ஸீ ஹிம்' போதும்.

'லி' சேர்க்கும்போது ஸ்பெல்லிங் எப்படி மாறும்?

'ஒய்'யில் முடிந்தால் அது 'ஐ' ஆகும்: ஈஸி – ஈஸிலி, ஆங்ரி – ஆங்ரிலி. ஜென்டில், சிம்பிள் போல் 'எல்இ'யில் முடிபவற்றில் 'இ' போய் 'ஒய்' வரும். கேர்ஃபுல் போன்றவற்றில் ஏற்கெனவே ஒரு 'எல்' இருப்பதால் கேர்ஃபுலியில் இரண்டு 'எல்'. நோட்டுகளில் அதிகம் சிவப்பு மை விழுவது இங்கேதான். 'ஐசி'யில் முடிந்தால் 'ஏஎல்எல்ஒய்' சேரும், பேசிக் – பேசிக்கலி மாதிரி. பப்ளிக்லி மட்டும் இதற்குக் கட்டுப்படாது. ட்ரூ – ட்ரூலியில் 'இ' விழுந்துவிடும்.

'ரொம்ப' என்பதற்கு வெரியா, டூவா, மச்சா?

'ரொம்ப' ஒரு சொல், மார்த்தாண்டத்துக்கு மேற்கே போனால் 'ஒருபாடு', அவ்வளவுதான். ஆங்கிலம் அதே இடத்தில் நாலு சொல் வைத்திருக்கிறது.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் முன்னால் 'வெரி': 'த டீ இஸ் வெரி ஹாட்'. வினையோடு 'வெரி' சேராது. 'ஐ வெரி லைக் ஃபிஷ்' தவறு, 'ஐ லைக் ஃபிஷ் வெரி மச்' சரி. ஒப்பிடும்போது 'வெரி பெட்டர்' கிடையாது, 'மச் பெட்டர்' என்று சொல்ல வேண்டும்.

'டூ' என்றால் அளவு மீறிப்போய் ஒரு காரியம் நடக்காமல் போகிறது என்று அர்த்தம். 'த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்': சூடு அதிகம், குடிக்க முடியவில்லை. ஆகையால் வெளிநாட்டுப் பயணியிடம் 'அவர் பீச் இஸ் டூ பியூட்டிஃபுல்' என்றால், அதனால் என்ன சிக்கல் என்று அவர் காத்திருப்பார். நம்மூர்ப் பேச்சில் 'டூ குட்' பாராட்டாகிவிட்டது. நண்பர்களுக்குள் இருக்கட்டும், பரீட்சைத் தாளில் வேண்டாம்.

'போதுமான அளவு' என்கிற 'இனஃப்' இடம் மாறும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'இனஃப் ஸால்ட்', அட்ஜெக்டிவுக்குப் பின்னால் 'ஹாட் இனஃப்'.

'இன்னும்', 'முன்னாடி' இரண்டையும் எப்படி மாற்றுவது?

'இன்னும்' என்பதற்குள் ஸ்டில், யெட், மோர் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. 'இன்னும் தூங்குறான்': 'ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்'. 'இன்னும் வரல': 'ஹி ஹாஸ் நாட் கம் யெட்'. 'இன்னும் கொஞ்சம் சோறு': 'ஸம் மோர் ரைஸ்'. ஒரு நிலை தொடர்ந்தால் ஸ்டில். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் யெட், அது வாக்கியக் கடைசியில் நிற்கும்.

'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி' என்பதை 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதுவது இந்தப் பக்கம் மிகப் பரவலான தவறு. 'டூ இயர்ஸ் அகோ' என்பதே சரி. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது 'அகோ', அதோடு கடந்தகால வினை: 'ஐ ஃபினிஷ்ட் மை கோர்ஸ் டூ இயர்ஸ் அகோ'. 'ஐ ஹாவ் ஃபினிஷ்ட்' இங்கே வராது.

வாக்கியத்தில் அட்வெர்பை எங்கே வைப்பது?

தமிழில் வினை கடைசியில் வரும், மற்ற எல்லாம் அதற்கு முன்னால் அடுக்கப்படும். 'நேற்று ராத்திரி பேச்சிப்பாறையில் பலமா மழை பெய்தது': காலம், இடம், விதம், வினை. ஆங்கிலத்தில் இது அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பும்: 'இட் ரெயின்ட் ஹெவிலி அட் பேச்சிப்பாறை லாஸ்ட் நைட்'. வினை, விதம், இடம், காலம். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தால் ஆங்கில வரிசை கிடைத்துவிடும். 'ஐ யெஸ்டர்டே வென்ட்' என்று வருவதெல்லாம் தமிழ் வரிசையை அப்படியே இறக்கியதன் விளைவு. காலத்தை மட்டும் அழுத்த வேண்டுமானால் தலையில் வைக்கலாம்: 'யெஸ்டர்டே ஐ வென்ட் டு குளச்சல்'. போ, வா போன்ற வினைகளில் இடம் விதத்தை முந்தும்: 'ஹி வென்ட் டு தக்கலை குயிக்லி'.

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் போல எத்தனை தடவை என்று சொல்லும் அட்வெர்புகளுக்கு மூன்று இடம். ஒரே பஸ்ஸை வைத்து மூன்றையும் பார்த்துவிடலாம்:

வினைக்கு முன்னால்: 'த பஸ் ஆல்வேஸ் கம்ஸ் லேட்'.
'இஸ்'ஸுக்குப் பின்னால்: 'த பஸ் இஸ் ஆல்வேஸ் லேட்'.
துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்: 'த பஸ் ஹாஸ் நெவர் கம் ஆன் டைம்'.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் எதையும் செருகாதீர்கள். 'ஷி ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி மலையாளம்' தவறு. 'ஷி ஸ்பீக்ஸ் மலையாளம் ஃப்ளூயன்ட்லி' சரி.

'நான் நாகர்கோவில்தான்' என்பதை 'ஐ ஆம் ஃப்ரம் நாகர்கோவில் ஒன்லி' என்று சொன்னால் என்ன?

நம்மூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும், அதைத் தவிர பெரிய சேதம் இல்லை. ஆனால் எழுத்தில் தவறு. 'தான்' அழுத்தம் தருகிற சொல், 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. தமிழ் வாக்கியத்தில் 'தான்' இருக்கும் இடத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'ஒன்லி' வரலாம். 'நான் நாகர்கோவில் மட்டும்' பொருந்தவில்லை, விட்டுவிடுங்கள். 'அவன்தான் சொன்னான்' என்பதற்கு 'இட் வாஸ் ஹி ஹூ ஸெட் இட்'.

'ஒன்லி' நிற்கிற இடத்தைப் பொறுத்து அர்த்தமும் மாறும். 'ஒன்லி மை பிரதர் ஈட்ஸ் சார்டீன்ஸ்': வீட்டில் தம்பி மட்டும் சாளை சாப்பிடுவான். 'மை பிரதர் ஈட்ஸ் ஒன்லி சார்டீன்ஸ்': தம்பி சாளையைத் தவிர வேறு மீனைத் தொடமாட்டான்.

இதோடு சேர்த்து அடுக்குத்தொடர்ப் பழக்கத்தையும் சொல்லிவிடலாம். 'சின்னச் சின்ன மீன்', 'சூடா சூடா டீ', 'பையப் பையப் போ' எல்லாம் தமிழுக்கு அழகு. 'ஸ்மால் ஸ்மால் ஃபிஷ்', 'ஹாட் ஹாட் டீ', 'கோ ஸ்லோலி ஸ்லோலி' என்று போகக் கூடாது. 'வெரி ஸ்மால் ஃபிஷ்', 'பைப்பிங் ஹாட் டீ', 'கோ வெரி ஸ்லோலி' என்று மாற்றுங்கள்.

'இன்ட்ரெஸ்டட்', 'இன்ட்ரெஸ்டிங்' குழப்பத்தை எப்படித் தீர்ப்பது?

உணர்கிறவருக்கு ஈடி, உணரவைக்கிற பொருளுக்கு ஐஎன்ஜி. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்தால் கீழே பார்க்கப் பயம் வரும். 'த வாக் இஸ் ஃப்ரைட்டனிங்', நடக்கிற குழந்தை 'ஃப்ரைட்டன்ட்'. 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங் இன் நர்சிங்' என்றால் நான் சுவாரசியமான ஆள் என்று நம்மை நாமே புகழ்ந்துகொண்டதாகிவிடும். 'இன்ட்ரெஸ்டட்' என்று சொல்லுங்கள். 'ஐ ஆம் போரிங்' இன்னும் மோசம்: நானே ஒரு அறுவை என்று ஒப்புக்கொள்வது.

டிகிரீஸ் ஆஃப் கம்பேரிஸன் மாற்றும்போது ஏன் மார்க் குறைகிறது?

தமிழில் 'அதைவிட உயரம்', 'எல்லாத்தையும் விட உயரம்' என்று 'விட' வைத்தே சமாளிக்கிறோம், 'உயரம்' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே டால் (பாசிட்டிவ்), டாலர் (கம்பேரட்டிவ்), டாலஸ்ட் (சூப்பர்லேட்டிவ்) என்று மாறும். இந்தப் பழக்கம் இல்லாததால் 'மோர் டாலர்', 'மோர் பெட்டர்' என்று இரண்டு தடவை கூட்டிவிடுகிறோம். 'இஆர்' சேர்த்த பிறகு 'மோர்' வேண்டாம்.

கம்பேரட்டிவிலிருந்து பாசிட்டிவுக்குப் போக எழுவாய்களை இடம் மாற்றி 'நாட்' சேர்க்க வேண்டும். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அதிக உயரம் சுமார் 115 அடி. 'த ஸ்டாச்யூ இஸ் டாலர் தான் த அக்வடக்ட்' என்பது 'த அக்வடக்ட் இஸ் நாட் ஸோ டால் அஸ் த ஸ்டாச்யூ' ஆகும். எழுவாயை மாற்றாமல் 'நாட்' மட்டும் சேர்த்தால் தொட்டிப்பாலம் சிலையைவிட உயரம் என்று பொருள் புரண்டுவிடும். அர்த்தம் மாறாமல் இருக்கிறதா என்று கடைசியில் ஒரு தடவை பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும்.

சூப்பர்லேட்டிவை இரண்டாகவும் மாற்றலாம். 'ஆனைமுடி இஸ் த ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா', 2,695 மீட்டர். கம்பேரட்டிவ்: 'ஆனைமுடி இஸ் ஹையர் தான் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா'. பாசிட்டிவ்: 'நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஸோ ஹை அஸ் ஆனைமுடி'. இதில் 'அதர்' விட்டுப்போனால் ஆனைமுடி தன்னைவிடவும் உயரம் என்றாகிவிடும். சூப்பர்லேட்டிவ் முன்னால் 'த' கட்டாயம்.

'ஒன் ஆஃப் த' வந்தால் பின்னால் பன்மை: 'ஒன் ஆஃப் த ஹையஸ்ட் அக்வடக்ட்ஸ்'. இதைப் பாசிட்டிவில் 'வெரி ஃப்யூ அக்வடக்ட்ஸ் ஆர் ஸோ ஹை அஸ்' என்று தொடங்க வேண்டும், 'நோ அதர்' என்று தொடங்கினால் பொருள் மாறிவிடும். சீனியர், ஜூனியர், சுபீரியர் ஆகியவற்றோடு 'தான்' வராது, 'டு' வரும்.

அட்வெர்புக்கும் இதே படிகள் உண்டு: ஹார்ட் – ஹார்டர், வெல் – பெட்டர், கேர்ஃபுலி – மோர் கேர்ஃபுலி. 'டிரைவ் மோர் கேர்ஃபுல்' என்று எழுதாதீர்கள்.

'133 ஃபீட் ஸ்டாச்யூ' சரியா?

'133-ஃபுட் ஸ்டாச்யூ' என்று எழுத வேண்டும், நடுவில் ஹைஃபன். அளவு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அட்ஜெக்டிவாக நின்றால் பன்மை கிடையாது. சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் 'எ 77-மீட்டர் பிரிட்ஜ்'. பின்னால் நின்றால் பன்மை வரும்: 'த பிரிட்ஜ் இஸ் 77 மீட்டர்ஸ் லாங்'. தமிழிலும் 'பத்து ரூபாய் நோட்டு' என்போமே தவிர 'பத்து ரூபாய்கள் நோட்டு' என்பதில்லை. இதில் தமிழ் காது கைகொடுக்கும்.

பல அட்ஜெக்டிவ் வந்தால் வரிசை எப்படி?

நம் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்த பொருள், பயன் என்பது வரிசை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்மநாபபுரத்தைப் பற்றி 'அழகான பழைய மர அரண்மனை' என்கிறோம், 'மர பழைய அழகான அரண்மனை' என்பதில்லை. 'எ பியூட்டிஃபுல் ஓல்ட் வுடன் பேலஸ்'. பெரும்பாலும் தமிழில் இயல்பாக வரும் வரிசையே போதும்.

'உயிரோட இருக்கிற மீன்' என்பதை 'அலைவ் ஃபிஷ்' எனலாமா?

கூடாது. அலைவ், அஸ்லீப், அஃப்ரெய்ட், அலோன் போல 'ஏ'யில் தொடங்கும் சில அட்ஜெக்டிவ்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. 'த ஃபிஷ் இஸ் ஸ்டில் அலைவ்' சரி, முன்னால் வைப்பதானால் 'லைவ் ஃபிஷ்'. 'அஸ்லீப் பேபி' இல்லை, 'ஸ்லீப்பிங் பேபி'.

'நெவர்', 'ஹார்ட்லி' வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால்?

மறுப்பு அட்வெர்ப் தலையில் நின்றால் துணைவினை எழுவாயை முந்திக்கொள்ளும், கேள்வி வாக்கியம் மாதிரி. 'நெவர் ஹாவ் ஐ ஸீன் ஸச் எ ஸன்செட்'. 'ஹார்ட்லி ஹாட் த டிரெயின் லெஃப்ட் வென் த ரெயின் ஸ்டார்ட்டட்'. ஹார்ட்லிக்கு ஜோடி 'வென்', 'நோ ஸூனர்'க்கு ஜோடி 'தான்'. இந்த ஜோடியை மாற்றிப் போடுவது போட்டித் தேர்வில் வழக்கமாக வைக்கிற பொறி.

சோதித்துப் பார்க்கச் சில வாக்கியங்கள் தர முடியுமா?

இந்த ஆறும் தவறு. விடையைப் பார்க்குமுன் நோட்டில் திருத்துங்கள். 'த ஸீ இஸ் காம்லி டுடே'. 'ஐ ஸ்டடீட் ஹார்ட்லி ஃபார் த எக்ஸாம்'. 'ஷி சிங்ஸ் குட்'. 'ஐ ஜாய்ன்ட் பிஃபோர் த்ரீ மந்த்ஸ்'. 'த மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி'. 'ஹி டிரைவ்ஸ் வெரி கேர்ஃபுல்'.

விடை: கடல் எதையும் செய்யவில்லை, அமைதியாக இருக்கிறது, எனவே 'காம்'. இரண்டாவதில் 'ஹார்ட்'. மூன்றாவதில் பாடுவது செயல், எனவே 'வெல்'. நான்காவதில் 'த்ரீ மந்த்ஸ் அகோ'. மாம்பழம் ருசி பார்க்கவில்லை, அதுவே இனிக்கிறது, எனவே 'ஸ்வீட்'. கடைசியில் ஓட்டுவது செயல், எனவே 'கேர்ஃபுலி'. அங்கே 'வெரி' அப்படியே நிற்கலாம். 'ஹி இஸ் எ வெரி கேர்ஃபுல் டிரைவர்' என்று திருத்தியிருந்தால் அதற்கும் முழு மார்க்.